செய்ததைச் சொல்லிக்காட்டும் வெள்ளிக்கிழமைகள்

தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தை களிமண்ணில் மாடு பிடித்தாலும், நான்கு வரியில் கதை எழுதினாலும், ஊர்க் குளத்தைப் படமாக வரைந்து வந்தாலும், அதை இன்னொரு குழந்தையிடம் காட்டித் தன் வாயால் சொல்லும்வரை அந்த வேலை பாதியில்தான் நிற்கிறது. ஆசிரியப் பணியில் நான் உறுதியாக நம்பும் சில கருத்துகளில் இது முதன்மையானது. செய்வது ஒரு பாடம் என்றால் சொல்வது இன்னொரு பாடம். இரண்டாவதற்கு நேரம் ஒதுக்காத பள்ளியில் முதலாவது பெரும்பாலும் மதிப்பெண்ணுக்கான வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

நான் பணியாற்றுவது திருவாரூர் மாவட்டத்தின் தென்பகுதியில், வயல்களுக்கு நடுவே அமைந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். ஈராசிரியர் பள்ளி என்பதால் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள குழந்தைகள் இரண்டு அறைகளில் கலந்தே அமர்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் மாலை இடைவேளை முடிந்ததும் எல்லாரும் ஒரே அறைக்கு வந்து பாயில் வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வாரத்தில் யார் எதைச் செய்திருந்தாலும் அதை எடுத்துவந்து காட்டிச் சொல்லலாம். யார் சொல்ல வேண்டும் என்பதை நானோ தலைமையாசிரியரோ முடிவுசெய்வதில்லை. சொல்ல விரும்புகிறவர் திங்கட்கிழமை முதலே கரும்பலகையின் ஓரத்தில் தம் பெயரை எழுதிவைப்பார். முதல் வகுப்புக் குழந்தை பெயருக்குப் பதிலாகத் தன் அடையாளமாக ஒரு மீனையோ நிலாவையோ வரைந்துவைத்தாலும் போதும். முன்னால் வந்து நிற்கக் கூச்சப்படும் குழந்தை தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசலாம், அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தள்ளியும் வைக்கலாம்.

இந்த ஏற்பாடு எங்கள் பள்ளியின் கண்டுபிடிப்பு அன்று. தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இதற்கான வேர் முன்பே ஊன்றப்பட்டிருந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்கில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கப்பட்ட பல்வகுப்புக் கற்பித்தல் முறையைக் கண்டுவந்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08 கல்வியாண்டில் அந்த முறை மாநிலம் முழுவதும் பரவியது. பாடநூலைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்துத் தட்டுகளில் அடுக்கியதும், எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று குழந்தையே பார்த்து நகரும்படி ஏணிப்படியைச் சுவரில் மாட்டியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தவை அந்த வகுப்பறையின் இரண்டு எளிய பொருள்கள்: கீழ்மட்டக் கரும்பலகையும் கம்பிப்பந்தலும்.

கீழ்மட்டக் கரும்பலகை என்பது தரையில் அமர்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், சுவரைச் சுற்றிலும் அமைந்த பலகை. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம் இருந்தது. அதுவரை கரும்பலகை ஆசிரியருக்கே உரியதாக இருந்தது. குழந்தை அதில் எழுத வேண்டுமானால் யாராவது அழைக்க வேண்டும். கம்பிப்பந்தலோ அறையின் குறுக்கும் நெடுக்குமாகத் தலைக்கு மேலே கட்டப்பட்ட கம்பிகள். அவற்றில் குழந்தைகள் வரைந்த படங்களும், வெட்டி ஒட்டிய உருவங்களும், எழுதிய தாள்களும் தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அறையின் சுவரும் கூரையும் உன் வேலைக்காகவே இருக்கின்றன என்று குழந்தைக்கு அறிவித்த ஏற்பாடு அது. கொரோனா காலத்தில் விழுந்த கற்றல் இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அட்டைகளும் ஏணிப்படியும் விடைபெற்றன. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும் பயிற்சி நூல்களும் அந்த இடத்துக்கு வந்தன. எங்கள் அறையில் கம்பியை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருக்கிறோம். ஒரே ஒரு மாற்றம் செய்தோம். தலைக்கு மேலே தொங்கும் படத்தை ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் நின்றபடி பார்க்க முடிகிறது, முதல் வகுப்புக் குழந்தையால் முடிவதில்லை என்பதால், ஒரு பக்கத்துக் கம்பியைச் சுவரோரமாகக் குழந்தையின் மார்பளவுக்கு இறக்கிக் கட்டினோம். அன்றுமுதல் குழந்தைகள் தங்கள் தாளைத் தாங்களே கவ்வியில் மாட்டி, தாங்களே கழற்றிக்கொள்கிறார்கள்.

நெல்லைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க் குழந்தைகளின் வேலையைப் பற்றி எழுத முடியாது. பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நடத்திவந்த நெல் திருவிழாவுக்கு எங்கள் பகுதி விவசாயிகள் பலர் போய்வந்தவர்கள். பாரம்பரிய விதைநெல் இரண்டு கிலோ வாங்கிச் செல்கிறவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே இருந்த வழக்கம். அவர் 2018 டிசம்பரில் மறைந்தபோது ஊரில் பலர் சொந்தக்காரரை இழந்ததுபோலப் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் நெல் வகைகளைச் சேகரித்து வாருங்கள் என்று ஒரு பருவத்தில் செயல்திட்டம் கொடுத்தேன். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக்கவுனியும் காட்டுயானமும் வந்தன; கடையில் வாங்கிய பொன்னி அரிசியும் வந்தது. சிறிய கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, பெயர் எழுதி ஒட்டி, அலமாரியில் வரிசையாக வைத்தோம்.

அத்துடன் முடித்திருந்தால் அது நல்லதொரு கண்காட்சியாக மட்டும் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை வட்டத்தில் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி புட்டிக்குப் பதிலாக, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்கு ஒரு வைக்கோல் உருண்டையைக் கொண்டுவந்தாள். அது விதைக்கோட்டை; விதைநெல்லைப் பாதுகாக்க வைக்கோலுக்குள் வைத்துக் கட்டும் பொதி. அவளுடைய அப்பாயி பழைய பழக்கத்தில் செய்துகொடுத்தது என்று நினைத்தேன். ஆனால் அவள் பேசத் தொடங்கியதும், வைக்கோலைப் புரியாக முறுக்கியது அவளுடைய கைகள்தாம் என்பது தெரிந்துவிட்டது. "முறுக்கும்போது ஒரு நுனியக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கணும், இல்லன்னா பிரிஞ்சி பிரிஞ்சி போயிரும். அப்பாயி மூணு தடவ அவுத்துட்டு மறுபடி முறுக்கச் சொன்னிச்சு" என்றாள். வைக்கோலைப் பரப்பி நடுவே நெல்லைக் கொட்டி, ஓரங்களைத் தூக்கி மூடி, புரியால் இறுகச் சுற்றி, உருண்டையாகும்வரை தட்டிய விதத்தைத் தரையில் ஒரு துண்டை விரித்துச் செய்துகாட்டினாள். மேலே மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருந்தது இன்னும் முழுதாகக் காயாமல் ஓரிடத்தில் விரல் பதிந்திருந்தது. அந்த விரல் தடத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காக இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து வந்தது ஒரு பையனின் கேள்வி: "உள்ள வண்டு வுழுந்தா எப்புடித் தெரியும்? தொறந்தா பாப்பாங்க?" அவளுக்கு விடை தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டுவந்து சொல்வது அவள் பொறுப்பு என்று வட்டம் முடிவுசெய்தது. திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்பே, ஒரு கொத்து நொச்சி இலையோடு வந்துநின்றாள். நெல்லோடு நொச்சியைப் போட்டுக் கட்டினால் வண்டு அண்டாது என்று அப்பாயி சொல்லியிருந்தார். இலையைக் கசக்கி எல்லாருடைய மூக்கிலும் காட்டினாள். அதற்கடுத்த வாரம், அரிசியில் நொச்சி போட்டதும் போடாததுமாக இரண்டு டப்பாக்களை வைத்து எதில் முதலில் வண்டு வருகிறது என்று பார்க்கும் வேலையைக் கேள்வி கேட்ட பையனும் அவன் தோழனும் தாமாகவே தொடங்கினார்கள். நான் கொடுத்த செயல்திட்டம் நெல் சேகரிப்பு. அவர்கள் சென்று சேர்ந்த இடம் ஓர் ஒப்பீட்டுச் சோதனை. இந்தத் தூரத்தைக் கடக்கச் செய்தது என் பாடத்திட்டம் அன்று. ஒருத்தி சொன்னதும் ஒருவன் கேட்டதும்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் நம்மிடையே வலுத்துவருவதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வேலைகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. தேர்வுத்தாளுக்கு வெளியே குழந்தை செய்கிறவற்றுக்கும் மதிப்பு உண்டு என்ற அந்த எண்ணம் மிகச் சரியானது. அதை நான் இன்றும் மனமார வரவேற்கிறேன். ஆனால் மதிப்பெண் என்று வந்துவிட்டதும் வேலை குழந்தையின் கையைவிட்டுப் பெற்றோரின் கைக்கும், அங்கிருந்து கடைக்காரரின் கைக்கும் நகர்ந்தது. எந்தச் சிறுநகரத்து எழுதுபொருள் கடையிலும் தெர்மாகோலில் சூரியக் குடும்பம் தயாராகக் கிடைக்கிறது. தலைவர்கள், விலங்குகள், போக்குவரத்து வாகனங்கள் என்று அச்சிட்ட படத்தாள்களை வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டினால் வேலை முடிந்தது. கணினி மையத்தில் தலைப்பைச் சொன்னால் வண்ணத்தில் அச்செடுத்து, சுருள் கம்பி போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு நாளைக்குச் செயல்திட்டம் என்று குழந்தை சொல்ல, வேலை முடிந்து களைத்து வந்த தாய் உட்கார்ந்து ஒட்டுகிற காட்சி எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. அந்தத் தாயை நான் குறைகூற மாட்டேன். பள்ளி கேட்பது அழகான பொருளை என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். அப்படிப் புரிந்துகொள்ளும்படி நாம்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

இதில் என்னை மிகவும் வருத்துவது பணம் செலவாவதுகூட அன்று. கடையில் வாங்கிய எரிமலைக்கு அருகில் தன் களிமண் அடுப்பை வைக்க நேரும் குழந்தை, தன்னுடையது தாழ்ந்தது என்று அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்கிறது. பிறகு அதை மறக்கச் செய்வது எளிதன்று. ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு நெறியை வைத்துக்கொண்டோம்: செயல்திட்டத்துக்காக எதையும் விலைக்கு வாங்கக் கூடாது. வாய்க்கால் கரைக் களிமண், தென்னை ஓலை, பனையோலை, வாழை மட்டை, நுங்குக் கூந்தல், பழைய அட்டைப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை, தையற்கடையின் துண்டுத் துணி ஆகியவை போதும். ஓலையில் காற்றாடியும் பாம்பும் கிலுகிலுப்பையும் முடையத் தெரிந்த தாத்தாக்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பசையும் வண்ணமும் பள்ளியிலிருந்தே தருகிறோம். இன்னொன்றும் சேர்த்தோம்: வீட்டில் யார் உதவினாலும் அவருடைய பெயரையும் குழந்தை சொல்ல வேண்டும். உதவியதை மறைக்க வேண்டிய தேவை அற்றுப்போனதும், எதைத் தான் செய்தோம், எதை மாமா செய்தார் என்று குழந்தைகள் வெளிப்படையாகப் பிரித்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

எழுத்துப் படைப்புகளைப் பகிர்வதில் வேறு வகையான நுட்பம் தேவைப்படுகிறது. மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வீட்டு ஆட்டைப் பற்றி எழுதிய கதையை அப்படியே தருகிறேன்: "எங்க ஆடு பேர் கருப்பி. கருப்பி பள்ளிக்கூடம் வந்தது. டீச்சர் உன் பேர் என்ன என்று கேட்டார். ம்மே என்றது. டீச்சர் ம்மே என்று எழுதிக்கொண்டார். தினமும் ம்மே வந்திருக்கா என்று கேட்பார். கருப்பி உள்ளேன் டீச்சர் சொல்லாது. ம்மே சொல்லும்." இதை அவன் படித்து முடித்தபோது சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு கேள்விகள் வந்தன. மதியம் கருப்பிக்குத் தட்டில் என்ன போட்டார்கள்? அது யார் பக்கத்தில் உட்கார்ந்தது? பாடப்புத்தகத்தைத் தின்றுவிட்டதா? கடைசிக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவந்த இரண்டாம் பகுதியில், கருப்பி கணக்குப் புத்தகத்தைத் தின்றதால் கணக்கு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. அன்றுமுதல் யாருக்கு விடை வேண்டுமானாலும் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்கள். என்னதான் கற்பனைக் கதை எழுதப் பயிற்சி கொடுத்தாலும் இந்த வரியை நான் அவனிடமிருந்து வரவழைத்திருக்க முடியாது. கேட்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அது அடுத்த வாரமும் காத்திருக்கும் என்ற உறுதியிலிருந்து பிறந்தது அந்த வரி.

அவனுடைய மூலப்பிரதியில் பிழைகள் நிறைய இருந்தன. பள்ளிக்கூடம் என்பதில் ளகரம் லகரமாகியிருந்தது. கருப்பி ஓரிடத்தில் கறுப்பியாகவும் இருந்தாள். கம்பியில் தொங்கும் தாளின்மேல் சிவப்பு மை படக் கூடாது என்பது என் திடமான கருத்து. குழந்தை எல்லாருக்கும் காட்டுவதற்காக மாட்டிய தாளில் வட்டமும் கோடும் போட்டால், அடுத்த முறை அது தனக்குப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்து எழுதும். "நாய் நன்றியுள்ள விலங்கு" என்பதற்கு அப்பால் போகாது. அதற்காகப் பிழைகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை கையெழுத்து இதழ் தயாரிக்கிறோம். அதில் இடம்பெற வேண்டுமானால் தாளை எடுத்துக்கொண்டு என்னருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்து, திருத்தி, அழகாகப் படியெடுக்க வேண்டும். இதழ் ஊர் நூலகத்துக்கும் போகிறது, வீடுகளுக்கும் போகிறது, முகம் தெரியாத பலர் படிக்கப்போகிறார்கள் என்பது குழந்தைக்குத் தெரியும். அதனால் லகர ளகர வேறுபாட்டுக்கு அப்போது ஒரு பயன் இருக்கிறது. யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்தபின் திருத்துவதில் குழந்தைகள் காட்டும் பொறுமை எனக்கு வியப்பளிக்கிறது.

பிரான்சு நாட்டில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் 1924-இல் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, நெடுநேரம் பேச இயலாதவராகப் பள்ளிக்குத் திரும்பியவர் அவர். குழந்தைகள் விரும்பி எழுதியவற்றை அவர்களே எழுத்துக் கோத்து அச்சிட்டு, தொலைவிலிருந்த வேறொரு பள்ளியின் குழந்தைகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் மறுமொழி வந்தது. ஆசிரியரின் குரல் குறைந்ததும் குழந்தைகளின் குரல் ஓங்கிய அந்த வகுப்பறையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்களிடம் அச்சு இயந்திரம் இல்லை. ஆனால் பக்கத்து ஒன்றியத்தில், கடற்கரையை ஒட்டிய ஊரில் பணியாற்றும் தோழி ஒருவரின் பள்ளியோடு இதழ்களை மாற்றிக்கொள்கிறோம். எங்கள் குழந்தைகள் நாற்றங்காலைப் பற்றி எழுதினால் அவர்கள் வலை பின்னுவதைப் பற்றி எழுதுகிறார்கள். "நாத்து பறிக்கும்போது அட்டை கடிச்சா என்ன செய்வீங்க?" என்று அங்கிருந்து வந்த கேள்விக்கு விடை எழுத இங்கே பெரும் போட்டி நடந்தது.

பள்ளிக் கல்வித் துறையும் இந்தப் பக்கம் கவனம் செலுத்திவருவது மகிழ்ச்சியளிக்கிறது. 2022-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்காக ஊஞ்சல் என்ற இதழும், மேல் வகுப்பினருக்குத் தேன்சிட்டு இதழும் வெளிவரத் தொடங்கின. ஊஞ்சலில் வேறொரு மாவட்டத்துக் குழந்தையின் படத்தையும் பெயரையும் பார்க்கிறபோது, தன்னால் முடிந்த உயரத்தில் இருக்கும் ஒன்றாகவே எங்கள் குழந்தைகள் அதைப் பார்க்கிறார்கள். 2022-23-இல் ஆறாம் வகுப்பு முதல் தொடங்கிய கலைத் திருவிழா 2024-25 முதல் தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்தது. கதை சொல்வது, வண்ணம் தீட்டுவது, களிமண்ணில் பொம்மை செய்வது எல்லாம் வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் மேடை காண்பது நல்லதே. ஆயினும் போட்டி வேறு, பகிர்தல் வேறு என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கக் கூடாது. போட்டியில் மூன்று குழந்தைகள் பெயர் பெறுவார்கள். வெள்ளிக்கிழமை வட்டத்தில் முதலிடம் என்று ஒன்று இல்லாததால், முப்பது பேரும் முப்பது விதமாகச் செய்ய முடிகிறது. தேர்வாக வேண்டுமென்று பயிற்சி கொடுக்கத் தொடங்கியதுமே எல்லாக் களிமண் பொம்மைகளும் பிள்ளையாராகவோ யானையாகவோ மாறிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கேட்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி வேண்டும். "நல்லா இருக்கு" என்பதோடு நின்றுவிட்டால் சொன்னவருக்கு ஒன்றும் கிடைக்காது. எந்த இடம் பிடித்தது, அது ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். விளங்காத ஒன்றைக் கேள்வியாகக் கேட்க வேண்டும். குறை சொல்வதாக இருந்தால், "நானா இருந்தா இப்படிப் பண்ணிப் பாத்திருப்பேன்" என்று தொடங்க வேண்டும். இந்தத் தொடரை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளே முன்மொழிந்தார்கள். இன்று அது பள்ளியின் பேச்சுவழக்காகிவிட்டது, சத்துணவு சாம்பாரைப் பற்றிக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

பகிர்தலுக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல் எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் போயின; வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. பள்ளி மீண்டும் திறந்தபோது பாடம் எடுக்கும் மனநிலை எவருக்கும் இல்லாததால் தாளும் வண்ணக்குச்சிகளும் மட்டும் கொடுத்தோம். பெரும்பாலான படங்களில் மரங்கள் கிடைமட்டமாக இருந்தன. ஒரு பெண்குழந்தை தாள் முழுவதையும் கருப்பாகத் தீட்டி, நடுவில் ஒரு சிறிய மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள். வழக்கம்போல அவரவர் படத்தைப் பற்றிப் பேசலாம் என்றபோது சிலர் நிறுத்தாமல் பேசினார்கள். அவளோ படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். காட்டாமலிருக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்று அன்று வகுத்துக்கொண்டோம். மறுநாள் அவள் தன் பக்கத்தில் உட்காரும் தோழிக்கு மட்டும் அதைக் காட்டி, அந்த மஞ்சள் புள்ளி அவள் அம்மா இரவு முழுக்கக் கையில் பிடித்திருந்த சிம்னி விளக்கு என்று சொன்னதாக வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் படம் கம்பியில் ஏறவே இல்லை.

இதே காரணத்தால், குழந்தைகளின் படைப்புகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் போடும் வழக்கத்தில் நான் கவனமாக இருக்கிறேன். ஆசிரியர்கள் ஆர்வத்தோடுதான் செய்கிறார்கள். ஒரு பள்ளியின் நல்ல முயற்சி இன்னொரு பள்ளிக்குச் சென்று சேர இது பேருதவியாக இருக்கிறது. ஆனால் குழந்தையின் முகம், முழுப்பெயர், ஊர், பள்ளி எல்லாம் சேர்ந்து முன்பின் தெரியாத மனிதர்களின் கைக்குப் போவதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. படைப்பை மட்டும் படமெடுப்பது, குழந்தையிடமும் வீட்டிலும் கேட்ட பிறகே அனுப்புவது, கவிதையில் வீட்டுச் சண்டையோ அப்பாவின் குடியோ வந்திருந்தால் அதை எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் வெளியே அனுப்பாமலிருப்பது ஆகியவற்றை நான் கடைப்பிடிக்கிறேன். அப்படிப்பட்ட கவிதை வந்தால் முதலில் தேவைப்படுவது பாராட்டு அன்று. குழந்தையோடு தனியாக உட்கார்ந்து பேச ஒரு பெரியவர்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் பெற்றோருக்கும் படைப்புகளைக் காட்டுகிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த அந்தக் குழுவில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று பேச நிறைய இருக்கும். அவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் குழந்தைகளுக்கு உரியது. அப்போது ஆசிரியர்கள் யாரும் விளக்கம் தருவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் அம்மாவையோ அப்பாவையோ தாத்தாவையோ கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் தாளுக்கு முன்னால் நிறுத்திப் படித்துக்காட்டுவார்கள். தாமே எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத பெற்றோர் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கூச்சம் ஏற்படாமலிருக்க இதுவே நல்ல வழியாக இருக்கிறது. ஒரு முறை விதைக்கோட்டையைப் பார்த்த மூதாட்டி ஒருவர், புரி சுற்றிய திசை தவறு என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். கூட்டம் அரை மணி நேரம் தாமதமாயிற்று. சுற்றிலும் உட்கார்ந்து பார்த்த குழந்தைகளில் பாதிப்பேர் அடுத்த வாரம் ஆளுக்கொரு சிறிய கோட்டை கட்டிவந்தார்கள்.

படைப்புகளைப் பிறகு என்ன செய்வது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கம்பியில் இடம் குறைவு; பருவம் முடிந்ததும் புதியவற்றுக்கு வழிவிட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் பழைய நாள்காட்டி அட்டையில் செய்த ஓர் உறை இருக்கிறது. எதை உறையில் வைப்பது, எதை வீட்டுக்கு எடுத்துப்போவது என்பதை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த காரணத்தைப் பின்பக்கத்தில் ஒரு வரியில் எழுதுவார்கள். "இதில் காது சரியாக வந்தது", "இது அண்ணன் கிழித்து நான் ஒட்டியது", "இது பிடிக்காது ஆனால் முதலில் வரைந்தது" என்று அந்த வரிகளே தனியாகப் படிக்கத் தக்கவை. ஐந்தாம் வகுப்பு முடித்து நடுநிலைப் பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழோடு அந்த உறையையும் கொடுத்தனுப்புகிறோம். உறையை வாங்கியதும் எல்லாக் குழந்தைகளும் முதலில் செய்வது, ஒன்றாம் வகுப்பில் வரைந்த தாளை உருவி எடுத்துப் பக்கத்திலிருப்பவருக்குக் காட்டுவதுதான்.

இந்தப் பருவத்தில் ஊரின் நீர்நிலைகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் வருகிறது, எந்தக் குட்டை தூர்ந்துபோனது, அதில் முன்பு என்ன மீன் கிடைத்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவருகிறார்கள். இரண்டு தாத்தாக்கள் ஒரே குளத்துக்கு வெவ்வேறு பெயர் சொன்னதால் வரைபடத்தில் எதை எழுதுவது என்று நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் இடையே இன்னும் விவாதம் முடியவில்லை. இரண்டு பெயர்களையும் எழுதி, யார் சொன்னது என்பதையும் கீழே குறிப்பிடலாம் என்று ஒரு பெண்குழந்தை சொல்லியிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அந்தத் தாத்தாக்கள் இருவரையும் வட்டத்துக்கு அழைத்திருக்கிறார்கள்.